அந்தப் பூங்கா உங்களுடையது இல்லைங்க

எங்கள் ஊரை ஒட்டின வில்லா லேஅவுட்டில், குடியிருப்போர் அசோசியேஷன் பூட்டி வைத்திருக்கும் பூங்காவுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று அங்கிருந்து போட்ட ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள், "இது உங்க ஊருப் பக்கந்தானே?" என்று. ஆமாங்க, எங்கள் ஊருப் பக்கந்தான். "குடியிருப்புக்குள் அத்துமீறும் வெளியாட்கள்" என்று தலைப்பு, பின்னால் பேய்ப்பட மியூசிக் வேறு. அத்துமீறியவர்கள் யார் என்று பார்த்தால் ஆறு பையன்கள். பெரியவனுக்குப் பதிமூன்று வயது. ஆயுதமாக ஒரு மட்டை வைத்திருந்தான். தென்னை மட்டை.

ஆறு பேரில் ஒருவன் என் அண்ணன் மகன். அதனால்தான் இவளுக்கு இத்தனை கோபம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், மறுக்கப் போவதில்லை. ஆனால் சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்று. அந்தப் பூங்கா உங்களுடையது இல்லைங்க. அசோசியேஷனுடையதும் இல்லை, மனை போட்டு விற்றவருடையதும் இல்லை. பூட்டு மட்டும்தான் உங்களுடையது.

இதைச் சட்டம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நான் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவள், எனக்கே புரிகிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல், மனைப்பிரிவு போட்டால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்பார்கள். ஒதுக்கினால் மட்டும் போதாது. உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதி, பதிவு செய்து கொடுக்க வேண்டும், காலணா வாங்காமல். உள்ளே போட்ட ரோடுகளும் அப்படித்தான். இதெல்லாம் முடிந்தால்தான் அப்ரூவல் முழுதாக வரும். 2019-ல் வந்த கட்டட விதிகளில் தெளிவாக இருக்கிறது, அதற்கு முன்பும் வழக்கம் இதுதான்.

இந்த லேஅவுட் 11 ஏக்கர். ரோடு போக மீதியில் பத்தில் ஒன்று என்றால் எழுபது சென்டுக்கு மேல் வரும். அந்த எழுபது சென்டும் ஊருக்குச் சொந்தம். நானாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பார்த்தேன். 2020-ல் தானம், எழுதிக் கொடுத்தவர் மனை போட்டவர், எழுதி வாங்கியவர் ஊராட்சி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடியோவுக்கு மியூசிக் தேடிய நேரத்தில் இதையும் பார்த்திருக்கலாம்.

"நாங்க கோடி ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கோம்" என்று ஒருவர் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறார். வாங்கினீர்கள் சார், யார் இல்லையென்றது? முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் கட்டியிருப்பீர்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியிருந்தால் 9. ஆனால் எதற்குக் கட்டினீர்கள்? பீரோவைத் திறந்து கிரயப் பத்திரத்தை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் என்று இருக்கும், அதில் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை. கிழக்கே 30 அடி ரோடு, தெற்கே இன்ன நம்பர் மனை, மேற்கே பூங்கா என்று எழுதியிருக்கும். மேற்கே பூங்கா என்றால் உங்கள் இடம் பூங்கா வரைக்கும் வந்து நின்றுவிட்டது என்று அர்த்தம். எல்லையில் இருப்பதெல்லாம் சொந்தம் என்றால் ரோடும் பக்கத்து வீட்டுக்காரரும்கூட உங்களுக்குச் சொந்தம்தான்.

பராமரிப்புச் செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். ஊஞ்சல், சறுக்கு மரம், புல்லுக்குத் தண்ணீர், விளக்கு எல்லாம் அசோசியேஷன் காசு. ஊராட்சி ஒரு துடைப்பம்கூட அனுப்பவில்லை, அதுவும் உண்மை. அதற்காக ஊராட்சியைக் கேளுங்கள், நானும் வந்து கூட நிற்கிறேன். ஆனால் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதன்மேல் உபயம் என்று பெயர் எழுதிக்கொள்கிறோம். அதற்காகக் கோயிலைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகிறோமா?

அப்புறம் பாதுகாப்பு. பெண் பிள்ளைகள் இருக்கும் இடமாம், கேமராவில் சந்தேகப்படும்படி நடமாட்டமாம். தென்னை மட்டையோடு ஆறு பிள்ளைகள் வந்தால் பாதுகாப்புக்குக் குறைவு. உங்கள் வீடுகளுக்குக் காலை ஆறரைக்குச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வருகிற அக்காக்களில் இருவர் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். அவர்களால் எந்த ஆபத்தும் இல்லை, சாவியையே கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். ஏற்கெனவே நான்கு பேர் ஆரம்பித்தாயிற்று. "எல்லாம் பாலக்காட்டுக்காரங்க வந்து வாங்கிப் போட்டதால வந்த வினை." இல்லைங்க. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவில், கேரள எல்லையில் இருந்துகொண்டு அப்படிப் பேச எனக்கு வாய் வராது. எங்கள் அம்மாயி பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரி, கடைசி வரை பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வாள். அங்கே, கேரளாவில், 2008-ல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வயலை நிரவி வீடு கட்டுவது லேசில்லை, இங்கே மானாவாரிக் காடு கிடைத்தது, வந்தார்கள். நாங்கள் மட்டும் என்ன, வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகாமல் இருந்தோமா? தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து எங்கள் அப்பா வாளையாறு தாண்டிப் போய் வாரம் ஒரு சீட்டு வாங்காமல் இருந்தாரா? இதுவரை விழுந்தது மொத்தமாக ஐந்நூறு ரூபாய், அது வேறு கதை. அசோசியேஷன் கமிட்டியில் தமிழ், மலையாளம் இரண்டு பேசுபவர்களும் இருக்கிறார்கள். பூட்டுப் போடும் விஷயத்தில் இரு மாநிலமும் ஒற்றுமை. முல்லைப் பெரியாறில்கூட இப்படி ஒன்று சேர்ந்ததில்லை.

இனி அந்தக் கமெண்டுக்கு வருகிறேன். இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். "உங்க அப்பாதானே இந்த நிலத்தை வித்தார்? காசை எண்ணி வாங்கிட்டு இப்ப என்ன பேச்சு?"

ஆமாம். விற்றார். 11 ஏக்கரில் நான்கு ஏக்கர் எங்களுடையது. 2018-ல் விற்றோம். போர் 900 அடி போட்டும் புகைதான் வந்தது. கடைசி வருஷம் தக்காளியைச் சந்தையில் கொட்டிவிட்டு வண்டி வாடகையைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தார். மிச்சமிருந்த தென்னங்கன்றை யானை பிடுங்கிப்போட்டது. அண்ணனுக்குக் கடன். பத்திர ஆபீசில் நானும் கையெழுத்துப் போட்டேன், பெண் பிள்ளைக்கும் பங்கு என்று அப்பாதான் பிடிவாதமாகக் கூப்பிட்டார். அந்தக் காசில்தான் நான் குனியமுத்தூரில் இந்த இரண்டு பெட்ரூம் வீட்டை வாங்கினேன். 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்த ஏரியா, இப்போது விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆக நானும் ஒரு லேஅவுட்டில்தான் இருக்கிறேன். யாரோ ஒருவருடைய சோளக்காட்டின் மேல்தான் தூங்குகிறேன். தெரியும்.

ஆனால் அப்பா விற்றது மனை போடுவதற்கு. அந்த எழுபது சென்டை யாரும் யாருக்கும் விற்கவில்லை. அது எந்த மூலை தெரியுமா? தென்மேற்கு மூலை, பள்ளத்தை ஒட்டினது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், மற்ற நாளில் பாறை. வீடு கட்ட ஆகாத இடமாகப் பார்த்துத்தான் எல்லா லேஅவுட்டிலும் பூங்கா வரையப்படுகிறது, இதிலும் அப்படியே. எங்கள் கிணற்றை மூடிவிட்டார்கள். கிணற்று மேட்டில் இருந்த வேம்பு மட்டும் வரைபடத்தில் பூங்காவுக்குள் விழுந்ததால் தப்பித்தது. பிளான் காப்பியைக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா விலையைப் பற்றிக்கூட இரண்டாவதாகத்தான் கேட்டார். "மரம் நிக்குமில்லீங்?" என்பதுதான் முதல் கேள்வி.

சாயங்காலம் நாலரை மணிக்குப் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வரும். ஆடி மாதத்தில் நிற்கவே விடாது, துண்டு பறக்கும். அந்த மரத்தடியில் உட்கார்ந்தால் மட்டும் முதுகுக்குப் பாறை மறைப்பு. விற்ற பிறகும் அப்பா போய் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். இரண்டு மூன்று வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீடுகள் நிறைய வந்தன, கேட் வந்தது, ஏஜென்சியில் இருந்து ஒரு பையன் வந்தான், அவன் கையில் ஒரு போன். வருகிறவர்கள் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று அதில் தட்ட வேண்டுமாம்.

"எந்த வில்லாவுக்குங்க?"

"வில்லாவுக்கில்ல தம்பி. மரத்துக்கு."

அந்தப் போனில் மரம் என்று ஒரு வீட்டு நம்பர் இல்லை. அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமில்லை, பன்னிரண்டு மணிநேர டியூட்டி பார்க்கிற பிள்ளை. அப்பா திரும்பி வந்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலங்களில் பஸ் ஸ்டாப்பில் உட்கார ஆரம்பித்தார், கேட்டால் காற்று நல்லாருக்கு என்றார். நெடுஞ்சாலையில் லாரிப் புகையில் என்ன நல்ல காற்று? மூன்று வாரம் கழித்து அந்த அக்காக்களில் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்போதே நான் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. விற்றவர்கள் நாம், எந்த முகத்தோடு கேட்பது என்று நினைத்தேன். அந்தக் கமெண்ட் போட்டவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, இத்தனை நாள் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னார். அதனால்தான் அவ்வளவு வலித்தது போல.

சரி, இப்போது கேட்கிறேன். 1991-லேயே உச்ச நீதிமன்றம் பெங்களூர் வழக்கில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்கே இல்லை என்றால் அசோசியேஷன் பூட்டுக்கு உண்டா? உங்கள் கிளப் ஹவுஸ் உங்களுடையது, நீச்சல்குளம் உங்களுடையது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நானே காதைத் திருகுகிறேன். இதில் மட்டும் "குடியிருப்போருக்கு மட்டும்" போர்டை எடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பூட்ட வேண்டுமா, பூட்டுங்கள், ஊராட்சியில் தீர்மானம் போட்டு நேரத்தை எழுதி வையுங்கள். சாவி அங்கே இருக்கட்டும்.

"வெளியாட்கள்" என்ற சொல்லையும் எடுங்கள். விலாசம் எழுதும்போது மட்டும் எங்கள் ஊர்ப் பெயர் வேண்டும், தபால் வர வேண்டும் இல்லையா. ஊர்க்காரன் வெளியாள், ஊர்ப் பெயர் மட்டும் உள்ளாள். நன்றாக இருக்கிறதுங்க.

நேற்று வேலை முடிந்து நேராக அங்கேதான் போனேன். பூங்காச் சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் எங்கள் ஊர்தான், அம்மா வழியில் மாமா முறை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், அது ஒரு மாதிரி இருந்தது. "எனக்கென்ன ஆசையா அம்மிணி? சாயங்காலமானா கேமராவுல பாக்கறாங்க" என்றார். அவருடைய அறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஐந்து பந்துகள். மூன்று டென்னிஸ் பந்து, ஒரு ரப்பர் பந்து, ஒன்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிச் சுற்றிச் செய்தது. அந்த ஐந்தாவது எங்கள் வீட்டுப் பையனுடையது. கொடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் மாமா கொடுத்துவிடுவார், அப்புறம் அவருக்கு வேலை இருக்காது.

வில்லங்கச் சான்றை நகல் எடுத்திருக்கிறேன், தானப் பத்திர நகலுக்கும் மனு போட்டாயிற்று. வருகிற கிராம சபையில் நானும் எழுந்து பேசப் போகிறேன். சனிக்கிழமை நாலரை மணிக்கு அப்பாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன். கேட்டில் எந்த வில்லா என்று கேட்டால் ஊராட்சி என்று தட்டச் சொல்வேன். அசோசியேஷன்காரர்கள் யாராவது அந்த நேரத்தில் வந்தால் பேசலாம். பிளாஸ்க்கில் டீ கொண்டுவருகிறேன், சர்க்கரை இல்லாமல், அப்பாவுக்கு ஆகாது.