1543இல் வந்த இன்னொரு நூல்

1543 என்றதும் கோப்பர்நிக்கஸ் நினைவுக்கு வருவார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற அவருடைய நூல் அச்சான ஆண்டு அது. அதே ஆண்டில் இன்னொரு போலந்துக்காரரின் நூலும் வெளிவந்தது. ஆந்திரேய் ஃபிரிச் மோட்ஷெவ்ஸ்கி, கொலைக்கு என்ன தண்டனை என்று எழுதினார். என் மனதுக்கு நெருக்கமானவர் இவர்தான்.

அன்றைய சட்டப்படி, பிரபு ஒருவர் குடியானவனைக் கொன்றால் அபராதம் கட்டினால் போதும். குடியானவன் பிரபுவைக் கொன்றால் தலை போகும். கொன்றவர் யாராக இருந்தாலும் தண்டனை ஒன்றுதான் என்றார் மோட்ஷெவ்ஸ்கி. இத்தனைக்கும் அவரே பிரபுக் குலத்தவர். 1551இல் அரசைச் சீர்திருத்துவது பற்றிய அவருடைய பெரிய நூல் போலந்தின் கிராக்கோ நகரில் வந்தபோது, திருச்சபை, பள்ளி பற்றிய பகுதிகளை அச்சிட விடவில்லை. முழு நூலும் 1554இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில்தான் வெளியானது.

அந்தக் காலத்துப் போலந்தை நான் வியந்துதான் பார்க்கிறேன். நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் மன்னர் புதுச் சட்டம் போட முடியாது என்று 1505லேயே எழுதி வைத்த நாடு. மன்னர் வாரிசில்லாமல் இறந்துபோக, அரியணை காலியாகக் கிடந்த 1573 ஜனவரியில் பிரபுக்கள் வார்சாவில் கூடி, "மத வேறுபாட்டுக்காக ஒருவர் இரத்தத்தை ஒருவர் சிந்தமாட்டோம்" என்று உறுதி எடுத்தார்கள். பாரிஸில் புராட்டஸ்டன்டுகளை வெட்டிக் குவித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது! கத்தோலிக்க ஆயர்களில் ஒரே ஒருவர் அதில் கையெழுத்திட்டார். அடுத்து மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹென்றி, பிரெஞ்சு மன்னரின் தம்பி. மத அமைதியைக் காப்பேன் என்று அவரிடமும் சத்தியம் வாங்காமல் விடவில்லை.

ஆனால் வார்சாவில் எடுத்த அந்த உறுதிமொழி ஆவணத்திலேயே, குடியானவர்கள் மீது பிரபுக்களுக்கு உள்ள அதிகாரம் குறையாது என்றும் ஒரு பகுதி இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்று 1520லேயே சட்டம் போட்டுக் கட்டிவைத்தார்களே, அதே குடியானவர்கள்தான். எங்களைக் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று மன்னரிடம் சொல்லத் தெரிந்தவர்கள், தங்கள் வயலில் நின்றவனைக் கேட்கவில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்துப்போகிறது. வழி தெரியாமல் செய்த தவறு இல்லை இது. முப்பது ஆண்டுக்கு முன்பே மோட்ஷெவ்ஸ்கி வழி சொல்லிவிட்டார்.

அவர் 1572இல் இறந்தார். குடியானவனைத் திட்டமிட்டுக் கொன்ற பிரபுவுக்கும் மரண தண்டனை என்று போலந்துச் சட்டம் சொன்னது 1768இல். நூல் வந்து 225 ஆண்டுகள் கழித்து.