சீனியர் ஆபீஸை விட்டு எப்போது கிளம்பலாம்?

"அண்ணே, எத்தனை வருஷம் சீனியரிடம் இருந்துவிட்டுத் தனியாக ஆபீஸ் போடலாம்?" ஜூனியர் வக்கீல்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வருஷக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும்" என்று குரல் கம்மாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் கிளம்புங்கள். சட்டம் கேஸ் நடத்த நடத்தப் படிந்துவிடும். பீஸ் கேட்கிற வாய் தானாக வராது.

அப்பாவின் சேம்பரில் போய் உட்காருகிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே பீஸை அப்பாவின் குமாஸ்தா பேசிவிடுவார். நான் சொல்வது வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு. வீட்டில் முதல் வக்கீல். கோட்டு மாட்டிய மறுநாளே தெருவே கட்சிக்காரர் ஆகிவிடும், ஆனால் ஒருத்தர் கையும் பாக்கெட்டுக்குப் போகாது. "நம்ம பையன்தானே, பார்த்துச் செய்ப்பா" என்பார்கள்.

"அஞ்சு வருஷம் பொறுத்துக்கோ" என்று அறிவுரை சொல்வதற்கும் வீட்டில் அரிசி இருக்க வேண்டும். சென்னையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வழிசெய்யும்படி 2024 ஜூனில் ஹைகோர்ட், வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அது எத்தனை பேர் கைக்கு வருகிறது என்று ஜூனியர்களையே கேளுங்கள். பலருக்கு இன்னும் பெட்ரோல் காசுதான். அடுத்த மாதமே, சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 125) வக்கீல் பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே வருவது சுலபமாகிவிட்டது, சரி. அப்புறம் தாக்குப்பிடிப்பது?

செக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஏரியாவில் புது வக்கீலுக்கு முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் இரண்டு லட்சத்துக்கான செக்கையும் அது பணமில்லாமல் திரும்பியதற்கான பேங்க் மெமோவையும் நான்காக மடித்துச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைக்கிறார். பணம் தருகிறேன் என்று எதிராளி இழுத்தடித்ததில் மெமோ வந்து 27 நாள் ஓடிவிட்டது. மெமோ கிடைத்து 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் போக வேண்டும். அது எதிராளி கைக்குப் போய் 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், நோட்டீஸுக்கு அந்த வழி கிடையாது. செக்கை மறுபடி பேங்கில் போட அவகாசம் இருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் செக் கேஸே போச்சு.

இதெல்லாம் தெரிந்த ஜூனியர்தான், வியாபாரி "ஒரு நோட்டீஸ்தானே தம்பி, ஒரு பேப்பர்தானே" என்றதும் தலையைச் சொறிகிறார். அப்படிச் சொறியக் கூடாது. நோட்டீஸுக்கு இவ்வளவு, புகார் தாக்கல் செய்ய இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு பேரம் பாதியாகக் குறைந்துவிடும், என் அனுபவம் இது.

விபத்து கேஸில் வேறு ஆசை வரும். மணலி, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற ஓட்டத்தில் அந்தக் கேஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. "கையிலிருந்து ஒண்ணும் தர வேணாம், நஷ்டஈட்டில் இத்தனை பர்சன்ட்" என்று பேசுவது பீஸ் கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு வசதி. ஆனால் கேஸ் முடிவைப் பொறுத்து பீஸ் பேசவோ, கிடைப்பதில் பங்கு கேட்கவோ பார் கவுன்சில் விதி தடை போடுகிறது. ஊரில் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. குடும்பத் தலைவனைப் பறிகொடுத்த வீட்டுக்காரம்மா செக் வாங்குகிற அன்று உங்களை எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள்.

நிஜமாகவே தர வழியில்லாதவர்களும் வருவார்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அவர்களைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள், நீங்களும் அங்கே அந்த இலவசக் கேஸ்களை நடத்துகிற பேனல் வக்கீலாக விண்ணப்பியுங்கள். "ஃப்ரீயா பண்றேன்" என்று கேஸ் கட்டை வாங்கி வைத்துவிட்டு வாய்தாவுக்கு வாய்தா ஆஜராகாமல் இருப்பது தர்மம் இல்லை.

ஆபீஸுக்கு ஹைகோர்ட் பக்கத்துத் தம்பு செட்டித் தெருவில் வாடகை கொடுத்து மூச்சுத் திணற வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, அடுத்தது ஹைகோர்ட். பகலில் அங்கே கோர்ட், சாயங்காலம் நம் ஏரியாவில் ஒரு மாடி அறை போதும். நம் கட்சிக்காரர்கள் வேலை முடித்து வருவதே ஏழு மணிக்கு மேல்தான். போர்டு சின்னதாக இருக்கட்டும். "கிரிமினல் ஸ்பெஷலிஸ்ட்" என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது, அதுவும் விதிதான்.

ஒன்று விட்டுப்போச்சு. கிளம்பும்போது சீனியரின் கட்டு ஒன்றைக்கூடக் கையோடு எடுத்து வராதீர்கள். கட்சிக்காரரே தேடி வந்தாலும், ஏற்கெனவே வக்காலத்து போட்டிருக்கிற வக்கீலின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் கோர்ட் அனுமதி வேண்டும். நேரில் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனக்குப் போக நேரமில்லாத சின்னக் கேஸ்களை அவர் யாருக்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.