எல்ஜின் பெய்லரை மோதிரத்தால் அளக்காதீர்கள்

கூடைப்பந்தில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று பேச்சு வந்தாலே, "எத்தனை மோதிரம் வாங்கினார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையை ஜெயித்த அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மோதிரம். இந்தக் கணக்கில் எப்போதும் அடிபடுகிறவர் எல்ஜின் பெய்லர். அவர் காலத்தில் அவருடைய அணியான லேக்கர்ஸ் எட்டு முறை இறுதிச் சுற்றுக்குப் போனது. எட்டிலும் தோல்வி. சரி, அதற்காக அவரை ஒதுக்கிவிடலாமா?

1961-62 சீசனை மட்டும் எடுத்துப் பாருங்கள். ராணுவத்தின் ரிசர்வ் படையில் இருந்தவரை ஃபோர்ட் லூயிஸ் முகாமுக்குப் பணிக்கு அழைத்துவிட்டார்கள். வார இறுதியில் விடுப்பு கிடைத்தால் அணி ஆடும் ஊருக்கு விமானம் பிடித்து வருவார், ஆடுவார், மறுபடி முகாமுக்கு ஓடுவார். அப்படி ஆடியது 48 ஆட்டங்கள். சராசரி 38.3 பாயிண்ட்! மூன்று பாயிண்ட் கோடே இல்லாத காலம் அது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான்.

அந்த வருட இறுதிச் சுற்றில் எதிரே பாஸ்டன் செல்டிக்ஸ். கூடைக்கு அடியில் பில் ரஸ்ஸல் நிற்கிறார், அவ்வளவு சுலபத்தில் யாரையும் நெருங்கவிட மாட்டார். பெய்லரின் உயரமோ ஆறடி ஐந்து அங்குலம்தான். தடுக்க எழும்பியவர் கீழே இறங்கும் வரை காற்றிலேயே இருந்து, அப்புறம் பந்தை விடுவார். ஐந்தாவது ஆட்டத்தில், அதுவும் பாஸ்டன் மைதானத்தில், 61 பாயிண்ட், 22 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் அந்த 61ஐ ஜோர்டன் உட்பட இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும் ஏழாவது ஆட்டத்திலும் 41 அடித்தார். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வி போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 110-107 என்று ஜெயித்தது. செல்வியின் பந்து உள்ளே விழுந்திருந்தால் பெய்லருக்கு மோதிரம் கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஆடிய ஆட்டம் அதனால் இம்மியளவாவது கூடியிருக்குமா?

1965இல் முழங்கால் போனது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஆடினார். 1971-72 சீசனில் ஒன்பது ஆட்டங்களோடு விலகினார். அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை ஜெயித்து, கோப்பையையும் வாங்கியது. அந்த சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே அவரும் சாம்பியன் வீரராக விடைபெற்றிருக்கலாம். பழையபடி ஆட முடியாதபோது இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று போன மனிதரை, மோதிரத்தைக் காரணம் காட்டி மற்றவர்களுக்குக் கீழே வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.