முதல் வகுப்பில் ராஜா வேண்டாம்

2024 டிசம்பர்ல சிங்கப்பூரில் சீனாவோட டிங் லிரெனை ஜெயிச்சு, 18 வயசில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். அதுக்கப்புறம் நம்ம பக்கம் பிள்ளையை செஸ் கிளாஸில் சேர்க்காத அப்பா அம்மா குறைவு. சந்தோஷம்தான். ஆனா ஆறு வயசுப் பிள்ளை முன்னாடி முதல் நாளே 32 காயையும் அடுக்கி, யானை இப்படி, பிஷப் அப்படின்னு ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாங்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்ல.

என் கட்சி, முதல் வகுப்புக்கு சிப்பாய் மட்டும் போதும். ஆளுக்கு எட்டு. யாரோட சிப்பாய் முதல்ல எதிர்க்கரையைத் தொடுதோ அவங்களுக்கு வெற்றி. நேரா நடக்கும், குறுக்கே வெட்டும்ங்கிறது விளையாட விளையாட தானா வந்துடும். ரெண்டு மூணு ஆட்டம் போனதும் பாருங்க, சிப்பாய்ங்க மூக்கோட மூக்கு முட்டி நிக்கும். எதை நகர்த்தினாலும் வெட்டு விழும். காயை நோக்கிப் போன கை பாதியில் நின்னு, மெல்லப் பின்வாங்கும். நான் காத்திருக்கிறதே அந்தக் கைக்காகத்தான்.

அடுத்து குதிரை. மூலையில் வெச்சு, எங்கெங்க தாவலாம்னு கேளுங்க. ரெண்டே கட்டம். பலகை நடுவில் வெச்சா எட்டு. காயை நடுவுக்குக் கொண்டுவான்னு அதுக்கப்புறம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல.

ராஜா இதுக்கெல்லாம் பிறகு வரட்டும். ஒரு பக்கம் ராஜா, ராணி. மறுபக்கம் ராஜா தனியா. மேட் பண்ணு, அதாவது ராஜாவைத் தப்ப வழியில்லாம மடக்குன்னு விட்டா, பிள்ளை ஸ்டேல்மேட் பண்ணிட்டு முழிக்கும். அதாவது எதிர் ராஜாவுக்கு செக்கும் இல்ல, நகர இடமும் இல்ல, ஆட்டம் டிரா. ராணி கையில் இருந்தும் டிராவான்னு ஒரு கோபம் வரும் பாருங்க, அதுக்கப்புறம் அந்த விதி ஜென்மத்துக்கும் மறக்காது. கடைசி ஆட்டத்தைத்தான் முதல்ல படிக்கணும்னு முன்னாள் உலக சாம்பியன் கபப்ளாங்காவே சொல்லியிருக்கார்.

எனக்குப் பிடிக்காத ஒண்ணு, நாலு மூவ் மேட். ராணியை சீக்கிரமே வெளியே கொண்டுவந்து, நாலே நகர்த்தலில் ராஜாவை மடக்குற குறுக்கு வழி. கத்துக்கிட்ட வாரமே பிள்ளை பள்ளியில் நாலு பேரை ஜெயிச்சுடும், வீடே கொண்டாடும். விஷயம் தெரிஞ்ச ஒருத்தன் சரியான நேரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டினா, அடுத்து என்ன செய்யறதுன்னே தெரியாம உக்காந்திருக்கும்.

அதுக்குள்ள பெத்தவங்க, போட்டிகளில் ஆடி வாங்குற தர மதிப்பெண்ணைக் கேட்டு, "ரேட்டிங் எப்போ சார் வரும்?"

ஆனந்துக்கு ஆறு வயசில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவர் அம்மா சுசீலா. கிளாஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி வீட்டிலேயே கொஞ்ச நாள் சிப்பாய் ஆட்டம் போடுங்க. தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்ங்கிறது மட்டும் முதல் நாள்லேர்ந்தே கண்டிப்பா இருக்கட்டும். அப்புறம், வேணும்னே தோத்துக் கொடுக்காதீங்க, பசங்க கண்டுபிடிச்சுடுவாங்க.