கால்களுக்கு நன்றி சொல்லவா எங்களைக் கூப்பிட்டீர்கள்?

சனிக்கிழமை அந்தப் பள்ளியில் நடந்த வீல்சேர் பாஸ்கெட்பால் 'அறிமுக விழா' வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள், கீழே அழுகிற பொம்மை போட்டு. அதில் நீல பனியனில் இருப்பது நான்தான். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நாங்கள் வந்தது விளையாட்டைக் காட்ட. விளையாட்டை மட்டும்.

பொன்னாடை, வரவேற்புரை, பரதநாட்டியம் எல்லாம் போக எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். சரி, போகட்டும். மைக் பிடித்தவர் ஒரு விதியையாவது சொல்லியிருக்கலாம். சக்கரத்தை இரண்டு முறை தள்ளினால் பந்தைத் தட்டியாக வேண்டும், மூன்றாவது தள்ளு தப்பாட்டம், அதற்குப் பெயர் டிராவலிங். வளையம் அதே பத்தடி, எங்களுக்காக ஒரு அங்குலம்கூட இறக்கவில்லை. உடல் குறைபாட்டை வைத்து ஆளாளுக்கு ஒரு எண் உண்டு: அதிகம் உள்ளவருக்கு 1 புள்ளி, குறைவாக உள்ளவருக்கு 4.5, களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டல் 14-ஐத் தாண்டக் கூடாது. இதைச் சொல்லியிருந்தால் பசங்க அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள். அவர் என்ன சொன்னார்? "மாணவர்களே, இறைவன் நமக்குத் தந்த கால்களுக்கு நன்றி சொல்வோம்." பின்னால் சோக வயலின். நான் அப்போதுதான் வளையத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு கூடை, லே-அப், போட்டிருந்தேன். ஒருத்தரும் கைதட்டவில்லை, கண்ணைத் துடைத்தார்கள்.

மாரியப்பனையும் இழுத்தார்கள். 2016 ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய சேலத்துக்காரர். அந்தத் தாண்டலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அம்மா காய்கறி விற்ற கதை மட்டும் ஐந்து நிமிஷம்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பொடியன் வந்து, "அண்ணா, சக்கரம் ஏன் சாஞ்சிருக்கு?" என்றான். அன்றைக்கு வந்த ஒரே நல்ல கேள்வி. சாய்ந்திருந்தால் சட்டென்று திரும்பலாம், பக்கவாட்டில் கவிழாது, மோதும்போது விரல் நசுங்காது என்றேன். பின்னாலிருக்கும் குட்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். "நான் ஒருக்கா உக்காரட்டுங்களா?" நான் இறங்குவதற்குள் ஒரு டீச்சர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "வேண்டாஞ்சாமி, அதுலயெல்லாம் உக்காரக் கூடாது. ஆகாது."

ஆகாதாம். ஒரு பிள்ளையைக்கூட உட்கார விடாமல் யாருக்கு எதை அறிமுகப்படுத்தினீர்கள்?

"விடுங்ணா, நல்ல மனசோடதான பண்ணாங்க" என்று கமெண்ட் வரும். நல்ல மனசை நான் இல்லையென்று சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு கூடை போட முடியாது. "கால் நல்லா இருக்கறவன் உக்காந்தா உங்களைக் கேலி பண்ற மாதிரி ஆகாதா?" இதையும் கேட்கிறார்கள். ஜெர்மனியிலும் கனடாவிலும் உள்ளூர்ப் போட்டிகளில் கால் நன்றாக இருப்பவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் போன்றவர்களோடு ஆடுகிறார்கள். ஆடித் தோற்கிறார்கள். அதிலே என்ன கேலி? செலவு என்பீர்கள். வெளிநாட்டு நாற்காலி லட்சங்களில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரெல்லாம் லேத் பட்டறை வைத்து உலகத்துக்கே பம்பு செய்து அனுப்பும் கோயமுத்தூரில் இருந்துகொண்டு நாலு சக்கரத்துக்கு வழியில்லை என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நான் படித்த காலத்தில் பி.டி. பீரியடில் எனக்கு ஒரே வேலை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லார் பையையும் பார்த்துக்கொள்வது. வாத்தியார் தங்கமானவர். "நீ உக்காரு கண்ணு, வெயில்ல வராத" என்பார். கடலைமிட்டாய்கூட வாங்கித் தந்திருக்கிறார். பந்தை மட்டும் ஒருநாளும் கையில் தரவில்லை.

சனிக்கிழமை காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கம்பிச் சட்டம், போட்ட ஒரு பாப்பாவும் அங்கே இருந்தாள். பூங்கொத்துத் தட்டைப் பிடிக்க நிறுத்தியிருந்தார்கள். ஆட்டம் முழுக்க அவள் கண் பந்தைவிட்டு நகரவில்லை. "நீ ஆடறியா?" என்று ஒருத்தராவது கேட்டீர்களா? நான் கேட்கப் போனேன், அதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடைக்கு ஆறு படி, சாய்தளம் கிடையாது. நாலு பேர் எங்களை மூட்டை மாதிரித் தூக்கி ஏற்றினார்கள், அதையும் வீடியோ எடுத்து, அதற்கும் வயலின் போட்டு...

அடுத்த மாதம் இன்னொரு பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவேன். மைக்கை எங்களிடம் கொடுங்கள், நாற்காலிகளைப் பசங்களிடம் விடுங்கள். காலிப்பர் போட்ட பிள்ளை யாராவது இருந்தால் முதல் பந்து அந்தப் பிள்ளைக்கு. பொன்னாடை வேண்டாம், வீட்டில் பீரோ நிறையக் கிடக்கிறது. அந்தக் காசுக்குப் பந்து வாங்கி வையுங்கள்.