மீட்டிங் ரூமில் மூன்று நாளாக 612

அவிநாசி ரோட்டில், பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கும் ஓர் ஆபீஸில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன மாதம் மூன்றாவது மாடியிலிருந்து ஒரே புகார். மீட்டிங் ரூமில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தலை பாரமாகிறது, தூக்கம் சொக்குகிறது. கட்டடத்தைக் கண்காணிக்கும் திரையில் பார்த்தால் அந்த அறையில் கார்பன் டை ஆக்சைடு 612 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 612 பங்கு). நல்ல காற்று. மதியமும் 612, மறுநாளும் 612. பன்னிரண்டு பேர் மூச்சு விடும் அறையில் அளவு அசையாமல் நிற்குமா? அப்போதுதான் உறைத்தது. காற்றை அளந்து வயர்லெஸ்ஸில் அனுப்பும் சென்சாரின் பேட்டரி செத்து மூன்று நாள். மென்பொருள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி, வெளிக்காற்றை உள்ளே விடும் தடுப்பான டேம்பரும் முக்கால்வாசி மூடிக் கிடந்தது.

இரண்டு வருஷம் வரும் என்ற பேட்டரி ஐந்தே மாதத்தில் தீர்ந்தது எப்படி? தேடிப் போனால், சென்சாரின் சிக்னலை வாங்கி மேலே அனுப்பும் ரிப்பீட்டர், காரிடார் பிளக்கில் இருக்கவேண்டியது, ஜன்னல் திட்டில் படுத்திருந்தது. கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் கேட்டேன்.

"நாந்தானுங்க தம்பி தெனமும் சாயங்காலம் புடுங்கி வெக்கிறேன். சும்மா மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுட்டே கெடக்குது. கரண்டு தண்டந்தானுங்களே?"

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவே கட்டிய கட்டடம். அவர் சொன்னதில் என்ன தப்பு? ரிப்பீட்டர் போன பிறகு சென்சார் வேறு வழி தேடியிருக்கிறது. எட்டாத தூரத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியே தன் பேட்டரியைத் தின்றுவிட்டது.

வயர்லெஸ் என்றாலே இப்படித்தான் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோதிக்கிற லட்சணம்தான் கோளாறு. மாட்டிக் கொடுத்தவர்கள் ஆளில்லாத காலிக் கட்டடத்தில் சோதித்துக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அப்புறம் இரும்பு பீரோ வந்தது, ஆட்கள் வந்தார்கள் (மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது உறிஞ்சும்), மாடிக்கு மாடி வைஃபை வந்தது. எங்கள் சென்சார்கள் பேசும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையும் அதே 2.4-இல்தான் ஓடுகிறது. வைஃபை 1, 6, 11 சேனல்களில் இருந்தால் ஜிக்பீயை 25, 26 பக்கம் ஒதுக்கலாம். ஐந்து நிமிஷ வேலை, எங்களிடம் யாரும் செய்யவில்லை. இன்னொரு கூத்து, வெயிலைத் தடுக்க ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் உலோகப் பூச்சு சிக்னலையும் தடுக்கும். மொட்டை மாடி கூலிங் டவர் சென்சார் அடிக்கடி காணாமல் போன காரணம் அதுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பேசும் சென்சார் நாளைக்கு 288 தடவை பேச வேண்டும். எத்தனை வந்தது என்று ஆள் நிறைந்த ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பில் கொடுங்கள். அரை மணி நேரம் சத்தமில்லை என்றால் திரையில் பழைய எண் நிற்கக் கூடாது. கட்டம் சிவப்பாக வேண்டும், டேம்பர் தானாகத் திறக்க வேண்டும். சென்சார் வாங்கும்போது எல்லாரும் துல்லியத்தைத்தான் கேட்கிறார்கள். செத்தால் சொல்லுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ரிப்பீட்டரை இப்போது சுவரின் உயரத்தில் நேரடி வயரில் மாட்டிவிட்டேன். வேக்யூம் கிளீனருக்கு அக்காவுக்குத் தனி பிளக். நேற்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "அது எத்தனை கரண்டு குடிக்குமுங்க?"

ஒரு வாட் இருக்கும் என்றேன்.

"அப்பச் செரி" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனார்.