சிறுமலைப் பழம் மூளைப் படிவைக் கரைக்காது

“தினம் 2 சிறுமலைப் பழம் தின்றால் செரோடோனின் கூடும், மூளையில் படிந்த அமிலாய்டு கரையும், மறதி மாத்திரை வேண்டாம்” என்று மதுரைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட. அமிலாய்டு என்பது அல்சைமர் எனும் மறதி நோயில் மூளையில் படியும் புரதத் துணுக்கு.

சிறுமலைப் பழம் எனும் இந்த மலை வாழைப்பழத்தில், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் இருப்பது மெய்தான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. மூளை தன் செரோடோனினைத் தானே தயாரிக்கிறது. அது நரம்பணுவின் சில ஏற்பிகளைத் (செய்தியை வாங்கும் புரதங்களை) தூண்டும்போது, ஆல்ஃபா செக்ரிடேஸ் நொதி, அமிலாய்டு உருவாகும் மூலப்புரதத்தை அமிலாய்டு பகுதியின் நடுவிலேயே வெட்டுகிறது. அமிலாய்டு உருவாவது குறைகிறது. 2014இல் வெளியான ஆய்வில், மூளையில் செரோடோனின் செயல்பாட்டைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராம், சுண்டெலிகளில் புதிய படிவுகள் தோன்றுவதைப் பெருமளவு குறைத்தது. பழைய படிவுகள் சுருங்கவே இல்லை.

அப்பத்தாவுக்குப் பழம் கொடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.